பெரணிக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல்

எங்கள் அலுவலகத்தில் அவளை எல்லாரும் சுத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துடைப்பம் பிடிக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். தாவரப் பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் முகவரி வைப்பது அவள் வேலை. திரைக்கு மேலே நீளமாக ஒரு வரி ஓடுமே, கேள்விக்குறியும் எண்களும் சதவீதக் குறியுமாக, அதைத் தட்டிக் கொட்டிச் சுருக்கி, மனுஷர் வாயால் சொல்லக்கூடிய மாதிரி ஆக்கிவிடுவாள். நான் அதே அறையில் பிழை திருத்துகிறவள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அவளுக்கோ கோபம் எந்தக் கடையில் விற்கும் என்றே தெரியாது.

எங்கள் அறை கண்ணாடிக் குடிலோடு ஒட்டியது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் இலைகள் ஈரத்தோடு அப்பிக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் எங்கள் மேஜைகள். மதியத்துக்கு மேல் பச்சை வெளிச்சம் தரையில் மெல்ல நகர்ந்து வரும். அந்த நேரத்தில் யாரும் சத்தமாகப் பேசமாட்டோம், ஏனென்று கேட்டால் தெரியாது. சுத்தக்கா பாதித் தூக்கத்தில் இருப்பவள் மாதிரி எழுந்து குடிலுக்குள் போவாள். ஏதோ ஒரு செடி முன்னால் நின்றுவிட்டுத் திரும்பி வந்து நாலே நாலு சொல் தட்டுவாள். கப்பில் டீ ஆறி ஆடை கட்டியிருக்கும்.

"ஏன்க்கா, செடிகிட்ட கேட்டுட்டு வந்தியா?" என்று சீண்டுவேன். ஆமாம் என்பாள். கிண்டல் என்பதே அவளுக்கு உறைக்காது. முகவரியில் சாய்கோடு வருகிற இடமெல்லாம் ஒரு திருப்பமாம். முதலில் வாசல், அப்புறம் பெரணி வீடு, அப்புறம் இடது பக்கம் நீர்ப்பெரணி. கண்ணை மூடிக்கொண்டு நடந்து போக முடிந்தால்தான் அது முகவரி, இல்லாவிட்டால் வெறும் கிறுக்கல். கேட்கிற எனக்கும் கால் நடப்பது மாதிரி இருக்கும். அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர். அவர் ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஏறி, கனவு கண்டுகொண்டே நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடுவாள். கடைசியில் அவளுக்காகவே அவர் நிறுத்தத்தின் பேரை உரக்கக் கத்த ஆரம்பித்தார்.

போன வருஷம் மேனேஜர் ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் ஒரு பலகை வைத்து, அந்தந்தப் பக்கத்தின் முகவரியை எழுதச் சொன்னார். பத்து நாளில் புகார் வந்தது. பெரணி முன்னால் இருந்த பலகையில் 'காய்ச்சல்-நூத்திரெண்டு' என்று இருந்ததாம். வெள்ளை அல்லிக்கு 'வாந்தி-ரெண்டு-தடவை'. பலகை எழுதியவர் மேல் தப்பில்லை, முகவரியில் இருந்ததைத்தான் எழுதியிருந்தார். மேனேஜருக்கு முகம் சிவந்துபோய், மூவாயிரம் பக்கத்தையும் அலசிச் சுத்தம் பண்ணு என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சப்பாத்திக்கள்ளியின் முகவரி 'தண்ணி-மட்டும்-கேக்கிறா'. எங்கள் மென்பொருளின் குணம் அப்படி. முதன்முதலில் தலைப்பு என்று எதைத் தட்டிச் சேமிக்கிறோமோ அதையே முகவரியாக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு தலைப்பை ஆயிரம் தடவை மாற்றினாலும் முகவரி அசையாது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் தேதியைப் பார்த்தாள், பக்கத்தைப் போட்டவர் பேரைப் பார்த்தாள். இந்த மாதிரி முகவரியெல்லாம் எட்டு வருஷத்துக்கு முந்தி, முகவரியை யாரும் கவனிக்காத காலத்தில், ஒரே மாசத்தில், பதினோரு நாளுக்குள் வந்தவை. போட்டது ஒரே ஆள், ஸ்டெனோ சார்.

மூலை மேஜைக்காரர் அவர். இங்கே வருவதற்கு முன்னால் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதினவர், அதனால் அந்தப் பேர். காதில் விழுகிறது தானாகக் கை வழியாக இறங்கிவிடும் அவருக்கு, வாய் சும்மா 'ம்ம்' என்றுகொண்டிருக்கும். "அவரோட பொண்ணுக்கு அப்ப அஞ்சு வயசு" என்றாள் அக்கா. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் குழந்தையோடு இருந்த மனைவி போனில் சொல்லச் சொல்ல, அந்த மனுஷன் கை எதிரே திறந்திருந்த தலைப்புக் கட்டத்தில் அதையெல்லாம் தட்டியிருக்கிறது. பேசி முடித்ததும் அழித்துவிட்டுப் பெரணி, அல்லி என்று எழுதியிருக்கிறார். என்ன தட்டினோம் என்று அவருக்கே நினைவு இருக்காது. அவரிடம் கேட்கப் போன என்னை அக்கா கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

மூன்று மாசத்தில் எல்லா முகவரியும் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆனால் பழசை அவள் தூக்கிப் போடவில்லை. இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் புதியது என்று ஒரு பட்டியல். பழையதைத் தட்டி வருகிறவர்களை அந்தப் பட்டியல் புதியதற்குக் கூட்டிக்கொண்டு போகும். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. குப்பையை எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறாய், முதல் தேதிக்குள் அழித்துவிடு என்றார். நானும் அவர் பக்கம்தான், மறைக்க என்ன இருக்கிறது. யார் வரப்போகிறார்கள், பேயா பிசாசா என்று கேட்டேன். யாராவது ஒருத்தர் எங்கேயாவது குறித்து வைத்திருப்பார்கள், வந்து நிற்கும்போது கதவு சாத்தியிருக்கக் கூடாது என்றாள். முதல் தேதி போய், பத்தாம் தேதியும் வந்தது. மேனேஜர் எழுத்தில் கேட்டார். வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதே என்று திட்டினேன். இன்றைக்கு அழித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் குடிலுக்குள் போய் நின்றுகொண்டாள்.

அன்றைக்கு மதியம்தான் ஸ்டெனோ சாருக்குப் போன் வந்தது. பெண்ணுக்கு இப்போது பதின்மூன்று வயசு. இரண்டு நாள் ஜுரம் திடீரென்று முற்றி, அவர் மனைவி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். எட்டு வருஷத்துக்கு முந்தி, அந்தத் தடவை கொடுத்த இரண்டு மருந்தில் ஒன்று குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாமல் உயிர் போய் வந்தது. எந்த மருந்து என்று டாக்டர் கேட்கிறார், அதைத் தெரிந்துகொள்ளாமல் ஊசி போட யோசிக்கிறார். பழைய மருந்துச் சீட்டெல்லாம் வீடு மாற்றினபோது தொலைந்துவிட்டது. அந்தப் பழைய ஆஸ்பத்திரியையும் மூடிவிட்டார்கள்.

சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, "ஞாபகம் இல்லையே, ஞாபகம் இல்லையே" என்று எங்களிடம் சொன்னார். அந்தப் பட்டியல் இன்னும் இருக்கிறதா, அழித்துவிட்டாளா என்று குடில் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

ஸ்பீக்கர் சத்தம் கேட்டு அக்கா குடிலிலிருந்து வந்தாள். கணினி முன் உட்கார்ந்து, இன்னும் அழிக்காமல் வைத்திருந்த பட்டியலில் அந்த மாசத்தைத் திறந்து, இடப்பக்க வரிகளை மட்டும் படித்தாள், ஒவ்வொன்றாக, நிதானமாக. நாலாம் நாள் வரியில், அன்றைக்குப் புதிதாகக் கொடுத்த ஒரு மருந்தின் பேர் இருந்தது. அந்தப் பேரை இங்கே எழுதமாட்டேன், ஆனால் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அடுத்தது 'மூஞ்சி-வீங்கிடுச்சு'. அதற்கும் அடுத்தது 'அந்த-மருந்தை-நிறுத்திட்டாங்க'. மறுமுனையில் சாரோட மனைவி, அந்த அம்மா, மருந்தின் பேரைத் திருப்பிச் சொல்வதும், யாரோ ஓடுவதும் கேட்டது. பெண் பிழைத்துக்கொண்டாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே தாங்காது.

சார் செருப்பை மாட்டினாரா என்றுகூடத் தெரியவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். அவர் போன் மேஜைமேலேயே கிடந்தது.

"அது என்ன படிச்சீங்க?" என்று அந்த அம்மா கேட்டார். குரல் மாறியிருந்தது. அக்கா சொன்னாள், அன்றைக்கு நீங்கள் போனில் பேசப் பேச அவர் தட்டி வைத்தது என்று.

அந்த அம்மா மெல்லச் சொன்னார். "ம்ம், ம்ம்னு மட்டும்தாங்க சொன்னாரு. பதினோரு நாளும் நான் சுவத்துகிட்ட பேசிட்டிருக்கேன்னு நெனச்சேன். அதை மனசுல வெச்சுக்கிட்டுதாங்க இந்த எட்டு வருஷமும் அவரோட இருக்கேன்."

அக்கா அடுத்த வரியைப் பார்த்துத் தயங்கினாள். நான் எட்டிப் பார்த்தேன். 'தனியா-இருக்கேன்-பயமா-இருக்கு' என்று இருந்தது. அதற்கு எதிரே வலப்பக்கத்தில் ஏதோ ஒரு சின்ன மஞ்சள் பூவின் பேர்.

"அவரு கிளம்பிட்டாரா?"

"கிளம்பிட்டாரு. அரை மணி நேரத்துல வந்துடுவாரு."

"அதுவரைக்கும் படிங்க" என்றார் அந்த அம்மா. "நான் சொன்னது ஒண்ணு விடாமப் படிங்க."

அக்கா படிக்க ஆரம்பித்தாள்.