வெளுக்காத சிவப்பு நூல்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சங்கரன்கோவிலில் சுகாதாரச் செவிலியாக வேலைக்குச் சேர்ந்தேன். வெள்ளைச் சேலையும் தோள்பையும் அரசாங்கம் கொடுத்தது. வாய் மட்டும் என் சொந்தச் சரக்கு. அதை வைத்துத்தான் பாதி வேலை நடந்தது, பாதி வேலை கெட்டது.

எனக்கு ஒதுக்கிய பகுதியில் ஒரு சாயத்தெரு இருந்தது. தறிக்காரர்களுக்கு நூலில் சாயம் ஏற்றிக் கொடுக்கும் குடும்பங்கள். அங்கே எல்லாருக்கும் கை முழங்கை வரை ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். ஊசி போடக் கையைப் பிடித்தால் என் விரலும் அந்த நிறமாகிவிடும். சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்பினால் என் கையைப் பார்த்தே நான் எந்தெந்த வீட்டுக்குப் போனேன் என்று சொல்லிவிடுவார்கள். டிமிக்கி கொடுக்க வழியே இல்லாத தெரு.

அந்த வருடம் மழை சுத்தமாக ஏமாற்றிவிட்டது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தெருக் கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய், குடத்தோடு சேறும் வந்தது. குடிக்கவும் அதுதான், சாயத்தொட்டிக்கும் அதுதான். பக்கத்துத் தெருவில் வாந்திபேதி கண்டு இரண்டு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டே ஆக வேண்டும். ஆனால் தெரு விடவில்லை.

விடாதவர் சாயப்பட்டறை அண்ணாச்சி. கிணற்றுக்கு நேர் எதிரே அவர் பட்டறை. முந்தின தீபாவளிக்கு அவர் போட்ட சிவப்பு நூல் திட்டுத் திட்டாக வெளுத்துப் போய், தறிக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் நாங்கள் கிணற்றில் மருந்து போட்டிருந்தோம். அவ்வளவுதான், பழி எங்கள் தலையில் விழுந்தது.

"நர்சம்மா, நீங்க போட்டுட்டுப் போயிருவிய. என் செவப்பு ரோசாப் போச்சுன்னா அத நீங்களா உடுத்துவிய?"

"ரோஸ் எனக்கு நல்லாத்தான் இருக்கும், அண்ணாச்சி" என்றேன். அவருக்குப் பின்னால் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த மகள்தான் என் கவலையே. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மாசம் நிறைந்த வயிறு, வெயிலுக்குத் தாகம் வேறு. நான் எத்தனை முறை வெந்நீர் ஆறவைத்துக் குடி என்றாலும், "வெந்நி தொண்டையில எறங்க மாட்டேங்கு, அக்கா" என்று செம்பு செம்பாகக் கிணற்றுத் தண்ணீரையே குடிப்பாள். பக்கத்துத் தெருவுக்கும் இந்தக் கிணற்றுக்கும் நடுவே ஒரு சாக்கடைதான் இருந்தது.

நல்ல வார்த்தை சொல்லிப் பார்த்தேன், பயமுறுத்திப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை. கடைசியில் எனக்குக் கோபம் வந்து, தெருவே கேட்கும்படி பந்தயம் கட்டினேன்.

"மருந்தப் போட்டுட்டு உங்க செவப்பு நூல இந்தத் தண்ணியில முக்குங்க. வெளுத்தா நான் இந்தத் தெருப் பக்கமே வரல. வெளுக்கலன்னா வாரா வாரம் மருந்து போடுவோம். நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

நான் வராமலிருப்பது என்பது அந்தத் தெருவில் பலருக்கு நல்ல பரிசுதான். அண்ணாச்சி உடனே சம்மதித்தார்.

மறுநாள் காலை சுகாதார இன்ஸ்பெக்டர் பவுடர் டிரம்மைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். தெருவே வேலையைப் போட்டுவிட்டுக் கிணற்றைச் சுற்றி நின்றது. அக்கம்பக்கத்துத் தறிச் சத்தம்கூட நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் வாளியில் பவுடரைக் கரைத்து, கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பார் ஊற்றுகிற தோரணையோடு கிணற்றுக்குள் இறக்கினார். நன்றாக ஊறட்டும் என்று எல்லாரும் காப்பி குடித்துவிட்டு வந்தோம். அண்ணாச்சி ஒரு வாளித் தண்ணீரை இறைத்து, முந்தின நாள் சாயம் போட்ட சிவப்பு நூலை அதில் முக்கினார். நான் உள்ளுக்குள் சங்கரலிங்கத்தையும் கோமதியம்மனையும் துணைக்குக் கூப்பிட்டேன். கிணற்றில் போடுகிற அளவுக்கு நிறம் போகாது என்று நம்பினேனே தவிர, எனக்கும் உறுதியாகத் தெரியாது.

வெகுநேரம் கழித்து நூலை எடுத்தார். வெயிலில் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். சிவப்பு அப்படியே, செம்பருத்திப் பூவாக இருந்தது.

தெரு கைகொட்டிச் சிரித்தது. அண்ணாச்சியின் மனைவிக்குத்தான் எல்லாரையும்விடச் சந்தோஷம்.

"தீவாளிக்கே சொன்னேன், தொட்டியில உப்பு பத்தல, சாயம் நிக்காதுன்னு. கேட்டாகளா? பாவம், கெணத்து மேல பழியப் போட்டுட்டாக!"

அண்ணாச்சி முகம் அவருடைய நூலைவிடச் சிவந்தது. நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வெற்றி அதற்கு முன் கிடைத்ததில்லை.

அப்போது மகள் வாளிப் பக்கம் குனிந்து மோந்து பார்த்தாள்.

"ஒரு வாடையும் இல்லயே, அக்கா. எங்க மாமியா ஊர்ல கெணத்துக்கு மருந்து போட்டா தெருமுக்கு வரைக்கும் மூக்கு எரியும்."

சொன்னதோடு நிற்கவில்லை. விளையாட்டாக டிரம்முக்குள் கையைவிட்டு ஒரு கை பவுடரை அள்ளி ஒரு கிண்ணத்தில் போட்டு, தண்ணீர் ஊற்றி, அந்த நூலின் நுனியை அதில் அமுக்கினாள். பிறகு எடுத்துக் காட்டினாள். அப்போதும் அதே சிவப்பு.

எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு கை பிளீச்சிங் பவுடரில் ஊறியும் நிறம் போகாத நூல் உலகத்தில் கிடையாது. டிரம்முக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தேன். வீட்டுக்கு அடிக்கிற சுண்ணாம்பு வாடைதான் வந்தது. மூடி ஒழுங்காக இல்லாமல் கிடங்கில் கிடந்து கிடந்து மருந்தின் வீரியம் எப்போதோ போயிருக்கிறது. நான் பந்தயத்தில் ஜெயித்தேன், சரி. ஆனால் அத்தனை நாளும் நாங்கள் ஊரெல்லாம் வெறும் சுண்ணாம்பைத்தான் கரைத்திருக்கிறோம்.

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என் வாய் எப்போது பேசாமல் இருந்திருக்கிறது?

"சார், இது செத்த மருந்து!" என்று இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் பதறிப்போனார். "மேலருந்து வந்த டிரம்மும்மா. எழுதிப் போட்டா அடுத்த மாசம் புதுசு வந்திரும்."

"அடுத்த மாசமா? வாந்திபேதி அதுவரைக்கும் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து காத்திருக்குமா?"

அண்ணாச்சி ஒரு துள்ளுத் துள்ளினார். "அப்பம் உண்மையான மருந்துன்னா வெளுக்கும்! நான் சொன்னது சரிதான! ஏட்டி, கேட்டியா?" என்று மனைவியிடம் சண்டைக்குப் போனார். அந்த அம்மாளும் விடவில்லை. "தீவாளிக்குப் போட்டதும் இந்தச் சுண்ணாம்புதான? அப்பம் நூலு கெட்டது உப்பாலதான?" தெரு மறுபடி சிரித்தது. இருவர் சொன்னதும் சரி. கிணற்றுத் தண்ணீர் மட்டும் பழையபடியே இருந்தது.

அந்தச் சிரிப்பு மறுநாள் காலையில் நின்றது. நான் தெருவுக்குள் நுழையும்போதே அண்ணாச்சி எதிரே ஓடிவந்தார். மகளுக்கு விடியற்காலையிலிருந்து வாந்தியும் பேதியும். உள்ளே அவள் துவண்டு கிடந்தாள். கண் குழிவிழுந்து, உதடு காய்ந்திருந்தது. அவள் அம்மா கோவில் புற்றுமண்ணைக் கரைத்துப் புகட்டத் தயாராக நின்றாள்.

"நெத்தி சாமிக்கு, வாய் எனக்கு. சரியா?" என்றேன். அந்த அம்மாள் மண்ணை மகளின் நெற்றியில் பூசினாள். நான் உப்பும் சர்க்கரையும் போட்ட வெந்நீரை ஆற்றி, கரண்டி கரண்டியாக வாயில் விட்டேன். ஸ்டேஷன் குதிரைவண்டி வந்தது. ஆஸ்பத்திரி வரை அவள் தலை என் மடியிலேயே இருந்தது. வண்டிக்குப் பின்னால் அண்ணாச்சி செருப்பில்லாமல் ஓடிவந்துகொண்டிருந்தார். எனக்கு அன்றைக்குப் பயமாக இருந்தது. வழியெல்லாம் உப்புச் சர்க்கரைத் தண்ணீரை அவள் வாயில் விட்டுக்கொண்டே போனேன்.

சலைன் ஏறிக்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்கு மேல் அவள் கண்ணைத் திறந்து, தன் வயிற்றைத் தொட்டு, "உள்ள உதைக்கான், அக்கா" என்றாள். நான் அந்த வார்டிலேயே நின்று அழுதேன்.

இன்ஸ்பெக்டரை நல்ல மனிதர் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. விஷயம் கேள்விப்பட்டதும் யாருக்கும் எழுதிப் போடாமல் அவரே பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய், அதிகாரி வீட்டு வாசலில் நின்று சண்டை போட்டு, சீல் உடைக்காத புது டிரம்மோடு திரும்பினார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பயணிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவரைத் திட்டினார்களாம். அதைப் பெருமையாகச் சொன்னார்.

மகள் வீடு திரும்பிய அன்று கிணற்றடியில் மறுபடி தெரு கூடியது. பெண்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். சாயத்துக்கு வேண்டிய தண்ணீரை முதலில் இறைத்துத் தொட்டிகளை நிரப்பிவிடுவது, அதற்கப்புறம் மருந்து. இந்த எளிய யோசனை முதலிலேயே ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று கேட்டேன். "நீங்கதான் பந்தயம் கட்டிக்கிட்டு நின்னியளே" என்றார் அண்ணாச்சியின் மனைவி.

மருந்தைக் கரைக்கும்போதே எனக்குக் கண் எரிந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கிணற்றில் இறக்கினார். யாரும் சொல்லாமலே அண்ணாச்சி ஒரு சிவப்பு நூலை எடுத்துவந்து, இறைத்த தண்ணீரில் முக்கிவிட்டு, பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்தார். காப்பி குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. பிறகு எடுத்துப் பார்த்தார். அவருடைய சிவப்பு லேசாக, ஓரத்தில் மட்டும், வெளிறத் தொடங்கியிருந்தது.

"பாத்தியளா, அண்ணாச்சி, உங்க செவப்பு போச்சு" என்றேன், வழக்கம்போல வம்புக்கு.

அவர் சிரிக்கவில்லை. பட்டறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மகளை ஒரு தடவை பார்த்தார்.

"செவப்பு போனா நான் மறுபடியும் முக்கிக்கிடுதேன்மா. நீங்க இன்னும் ஒரு கை போடுங்க."