உப்புப் போட்ட ஐஸ்

கொழும்பு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தை விட்டு வெறும் ரெஜிபோம் ஐஸ் பெட்டியுடன் நடந்துகொண்டிருந்தேன். அதில் நான் கொண்டுவந்த, என் அக்கா ராத்தாவின் இரத்தத்தை எறிந்துவிட்டார்கள்.

ராத்தாவின் மார்பில் வந்த புற்றுநோய் மூளைக்கு ஏறியிருந்தது. நோயைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் பிறபொருளெதிரி மருந்தொன்றை அங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"மூளையச் சுத்தி ஒரு மதில் இருக்கு. மருந்து அதைத் தாண்டுமா எண்டுதான் பாக்கிறம். சுகம் வரும் எண்டு வாக்குத் தரமாட்டம்," என்று டொக்டர் அம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். இரத்தம் சரியாக இருந்தால்தான் சோதனையில் சேர்ப்பார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் கல்முனையில் எடுத்து, குளிரில் கொண்டுவரச் சொன்னார்கள்.

மதில் தாண்டுவதை நான் பார்த்திருக்கிறேன். சுனாமியன்று எங்கள் மதிலுக்கு மேலால் கடல் சத்தமில்லாமல் வந்தது போலத்தான் இன்றும் கனவில் தெரிகிறது. ராத்தா என் சட்டைக் கொலரைப் பிடித்துக் கூரையில் ஏற்றினாள். அதன் பிறகு எனக்கு எந்த இடத்திலும் கால் தரிக்கவில்லை. நிந்தவூரில் அறுவடை, பாலமுனையில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் வேலை.

தூரம் போகும் மீனுக்கு ஐஸில் உப்புப் போடுவோம். குளிர் இன்னும் இறங்கும். சண்டை முடிந்து சில வாரங்கள்தான்; பஸ்ஸை மறித்துச் சோதிப்பது முடியவில்லை. வழியில் குளிர் போய்விடும் என்ற பயத்தில் இரத்தப் பெட்டியின் ஐஸிலும் இரண்டு கை உப்புப் போட்டேன். ஒரு ஆமிக்காரன் பெட்டியைத் திறந்து, மீனா என்று சிங்களத்தில் கேட்டான். இரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயைக் கண்டதும் மெதுவாக மூடினான்.

ஆய்வுகூடத்துப் பிள்ளை குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். "குளிரா வைக்கச் சொன்னா, கட்டியாக்கிட்டீங்களே! செல்லெல்லாம் வெடிச்சிட்டு."

டொக்டர் அம்மா ஏசவில்லை. "இந்தக் கிழமைக்குள்ள ஆளக் கூட்டி வாங்க, இஞ்சயே எடுப்பம். சேத்தா மூணு கிழமைக்கு ஒருக்கா வரணும். பக்கத்தில ஆள் இருக்கா?"

"ஓம்," என்றேன். யார் என்று யோசிக்கவில்லை.

தெருமுனைக் கடையில் நின்று ராத்தாவுக்குப் போன் எடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

"என்ட ரெத்தத்தையும் கருவாடு போட்டுட்டியாடா?" சிரித்தாள். "உன்ட மச்சான் என்னப் பஸ்ஸில ஏத்தி விடுவார். ஆனா நீ அங்க நிப்பியா? நாலு நாள் ஒரு இடத்தில நிண்டிருக்கியா நீ?"

"நிப்பன் ராத்தா."

அன்று கொழும்புத் தெரு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் மங்கலாக இருந்தது. ஆட்கள் மிதந்து போனார்கள். கடலை நோக்கிப் போன கால்களை இரண்டுமுறை திருப்பி ஆஸ்பத்திரிப் பக்கமே நடந்தேன்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். கழுவும் தொட்டியடியில் நின்றால் ஆஸ்பத்திரி கேற் தெரிந்தது.