ரசம் ஊற்றிக்கொண்டே கேட்ட விமர்சனம்

"மகள் கல்யாணத்துக்குத்தான் எங்களைக் கூப்பிடவில்லை. அதைப் பற்றி நாலு வரி எழுதவுமா கூடாது?" என்று வாசகர் ஒருவர் மேலமாசி வீதியில் என்னை மடக்கிக் கேட்டார்.

நியாயமான கேள்வி. எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கல்யாணத்தில் நடந்த பெரிய விஷயம் மணமேடையில் நடக்கவில்லை, பந்தியில் நடந்தது. அது எங்கே போய் முடியும் என்று தெரியாமல் பேனாவை எடுக்க வேண்டாம் என்று இருந்தேன். போன வாரம்தான் முடிந்தது.

எங்கள் பக்கத்து வீட்டில் சௌந்தரம் என்று ஒரு பெண் இருக்கிறாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. கணவர் தபாலாபீஸில் குமாஸ்தா. வீட்டில் மாமியார் உண்டு... மாமியார் என்றால் மாமியார்தான், அதற்கு மேல் விளக்கம் எதற்கு?

இந்தச் சௌந்தரத்துக்கு ரேடியோவில் பேச வேண்டும் என்று ஆசை. எதிர்வீட்டு வக்கீல் ரேடியோ வாங்கியதிலிருந்து வந்த ஆசை அது. மாதர் நிகழ்ச்சியில் பேச விரும்புகிறவர்கள் திருச்சிக்கு வந்து குரல் பரீட்சை கொடுக்கலாம் என்று தகவல் வந்ததும் துணிந்து மனுப் போட்டுவிட்டாள். வரச் சொல்லிப் பதிலும் வந்துவிட்டது.

மாமியார் ஒரேயடியாக மறுக்கவில்லை. நிபந்தனை போட்டார்.

"ஒரு தடவை போயிட்டு வா. ஆகலைன்னா அத்தோட இந்தப் பேச்சையே விட்டுரணும்."

ஆக, ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் இந்த ஜன்மத்தில் மைக் கிடையாது. அதனால் போவதற்கு முன்பே தன் பேச்சு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தவித்தாள். "வெயில் காலத்தில் குழந்தைகள்" என்று ஒரு கட்டுரை எழுதி வைத்துக்கொண்டு, தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் வாசித்துக் காட்டினாள்.

என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கணவர் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல் "நல்லா இருக்கு" என்றார். தலைமை ஆசிரியை "பேஷ், பேஷ்" என்றார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் துணி விளம்பரம் கேட்டாலும் கண்ணைத் துடைப்பவள். நான்? எழுத்தாளன் அல்லவா... "தேன்!" என்றேன்.

சௌந்தரத்துக்கு முகம் விழுந்துவிட்டது.

"அண்ணே, நீங்க எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கேக்குறீங்க. மனசு நோகக் கூடாதுன்னு நல்ல வார்த்தை சொல்றீங்க. ரேடியோவுல மூஞ்சி ஏது? எனக்கு உள்ளதை உள்ளபடி சொல்ற ஆளு யாராச்சும் இந்த மதுரையில இருக்காங்களா?"

"மதுரையில் இல்லை. கொட்டாம்பட்டியில் இருக்கிறார்கள். என் சம்பந்தி வீட்டார்" என்றேன்.

வேடிக்கையாகத்தான் சொன்னேன். ஆனால் அதில் ஒரு பொட்டுப் பொய் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் என்றால் குறை சொல்லும் உரிமையோடு பிறந்தவர்கள். நிச்சயதார்த்தத்தன்றே என் காப்பியில் சிக்கரி அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். ஜமக்காளம் உறுத்துகிறது என்றார்கள். அவர்கள் வந்த பஸ் வழியில் நின்று போனதற்கும் ஏறக்குறைய நானே பொறுப்பு என்று முடிவாயிற்று. இதற்கெல்லாம் தலைவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் அழகர்சாமி. என்னைவிட இளையவர், விவசாயி. நல்ல மனிதர். ஆனால் வாயைத் திறந்து ஒன்றை நன்றாக இருக்கிறது என்று சொன்னதை ஈயும் எறும்பும்கூடக் கேட்டதில்லை.

சௌந்தரம் சிரிக்கவில்லை. யோசித்தாள்.

"கல்யாணத்துக்கு மைக் செட் வைக்கிறீங்கதானே அண்ணே?"

அவ்வளவுதான்.

திட்டம் இதுதான். பந்தலுக்குப் பின்னால் காய்கறியும் மளிகையும் வைத்திருக்கும் உக்கிராண அறையில் மைக்கை வைத்துவிடுவது. மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியில் உட்கார்ந்ததும் கிராமபோன் பாட்டை நிறுத்திவிட்டு, சௌந்தரம் உள்ளிருந்தபடி தன் கட்டுரையை வாசிப்பது. கேட்கிறவர்கள் ரேடியோ என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்ததைச் சொல்வார்கள்.

"அவங்க என்ன சொல்றாங்கன்னு நீங்க எனக்குச் சொல்லிருவீங்களா?" என்று கேட்டவள், என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "வேண்டாம். நீங்க சக்கரை போட்டுச் சொல்லுவீங்க. நானே கேட்டுக்கிறேன்" என்றாள்.

எப்படிக் கேட்பாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

முகூர்த்தம் முடிந்தது. பந்தி போட்டாயிற்று. நடு இலையில் அழகர்சாமி. சாம்பார் ஓடிக்கொண்டிருக்கும்போது பந்தல் காலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது.

"அன்பார்ந்த சகோதரிகளே! கோடைக்காலமானது குழந்தைகளுக்குப் பெரும் சோதனைக் காலமாகும்..."

குரல் கணீரென்றுதான் இருந்தது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. ஆனால் பந்தியில் ஒரு கை நிற்கவில்லை. ஒருவர் அப்பளம் கேட்டார். இன்னொருவர் பூசணிக்காய் வேகவில்லை என்றார். சௌந்தரம் வாசிக்க வாசிக்க, பந்தி தன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தது.

அழகர்சாமி மட்டும் நிமிர்ந்தார்.

"என்ன சம்பந்தி, ரேடியோவா?"

"ஆமா... ரேடியோ" என்றேன்.

"நிப்பாட்டச் சொல்லுங்க. சோறு எறங்க மாட்டேங்குது."

சொல்லி முடிப்பதற்கும் பேச்சு முடிவதற்கும் சரியாக இருந்தது. அடுத்து ரசம் வர வேண்டும். வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தது யார் என்கிறீர்கள்? சௌந்தரம்! சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, உக்கிராணத்திலிருந்து நேராகப் பந்திக்கு வந்துவிட்டாள்.

இந்த மனிதர் எதையாவது சொல்லி, இவள் அழுது, அது தெரிந்து, சம்பந்திச் சண்டையாகி... பெண்ணைப் பெற்றவனின் கற்பனை குதிரையை விட வேகமாக ஓடும்.

ஒவ்வொரு இலையாகக் கேட்டு ஊற்றிக்கொண்டே அழகர்சாமியிடம் வந்தாள்.

"ஐயா, ரசம் விடட்டுமா? இல்ல, இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லவா?"

"ரசமே விடு ஆத்தா."

ஊற்றிக்கொண்டே, "அந்த ரேடியோக்காரி நல்லாத்தானே பேசுனா? ஏன் நிப்பாட்டச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"நல்லாப் பேசுனாளா? யாருகிட்டப் பேசுனா?" அழகர்சாமிக்கு உற்சாகம் வந்துவிட்டது. குறை சொல்லச் சொல்லி எவரும் அவரைக் கேட்டதில்லை போலிருக்கிறது. "எங்கிட்டயும் பேசலை, ஒங்கிட்டயும் பேசலை. மண்டபத்துத் தூணுகிட்டப் பேசுறா. கேள்வி கேக்குறா... நம்ம என்னான்னு நினைக்கிறதுக்குள்ள அவளே பதிலச் சொல்லிட்டு ஓடிர்றா. அம்புட்டு அவசரம் என்னாத்துக்கு? பஸ்ஸுக்கு நேரமாச்சா?"

பக்கத்து இலைக்காரர் சேர்ந்துகொண்டார். "வரிக்கு வரி கடைசியில குரலத் தூக்குறாப்பா. நான் என்னமோ வீட்டுப்பாடம் எழுதாம வந்த மாதிரி."

"அதேதான்!" என்றார் அழகர்சாமி.

சௌந்தரத்தின் கரண்டி தடுமாறவில்லை. ரசம் இலைக்கு வெளியே ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"அப்ப எப்படிங்கய்யா பேசணும்?"

அழகர்சாமி ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "நீ இப்ப கேட்ட பாரு, ரசம் விடட்டுமா, சோறு வைக்கவான்னு. கேட்டுட்டுச் சித்த நின்ன. நான் சொல்றதுக்கு எடம் விட்ட. அம்புட்டுத்தான். ஆமா, இந்த ரசத்துல உப்புக் கம்மி."

உப்பைப் பற்றிச் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை என்று நினைக்கிறேன். வாளியோடு அடுத்த இலைக்குப் போனாள். அங்கேயும் கேட்டாள். வரிசை முடியும் வரை கேட்டாள்.

ஒன்று சொல்கிறேன். இத்தனை வருஷமாக எழுதுகிறேன். என் கட்டுரையை ஒருவர் என் எதிரிலேயே இப்படிக் கிழித்துப் போட்டிருந்தால், வாளி அவர் தலையில் கவிழ்ந்திருக்கும். குறைந்தபட்சம் நான் சமையற்கட்டில் போய் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியிருப்பேன். இந்தப் பெண் தன்னைத் திட்டுகிறவருக்கு ரசம் ஊற்றி, இன்னும் திட்டுங்கள் என்று நிற்கிறாளே... என் மகள் கழுத்தில் தாலி ஏறியபோது வராத கண்ணீர் எனக்கு அப்போது வந்தது.

உக்கிராண வாசலில் அவளை மடக்கினேன். "விட்டுவிடு அம்மா. அவர் எதைத்தான் நல்லது என்றார்?"

"இல்லண்ணே. உப்புச் சங்கதிய விடுங்க. எடம் விடலைன்னாரு பாருங்க, அது நெசம். மைக்கைப் பாத்ததும் எனக்குப் பயம். சீக்கிரம் முடிச்சிருவோம்னு ஓடிட்டேன். ரெண்டாவது பந்திக்கு இன்னொரு தடவை பேசட்டுமா?"

வேண்டாம் என்ற வார்த்தை வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டேன்.

இரண்டாவது பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள். அழகர்சாமி பந்தல் ஓரத்தில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். குழாய் மறுபடி கரகரத்தது. ‘அன்பார்ந்த சகோதரிகளே’யையும் ‘கோடைக்காலமானது’வையும் காணோம். மற்றபடி அதே கட்டுரை, அதே வார்த்தைகள்.

"வெயில் காலத்தில் குழந்தை ஏன் அழுகிறது, தெரியுமா?"

நிறுத்தினாள்.

பந்தியிலிருந்து ஓர் அம்மாள், வாயில் சோற்றோடு, "பல்லு மொளைக்கும்!" என்றாள்.

"பல் முளைப்பதனால் மட்டும் இல்லை" என்றது குழாய்.

பந்தல் அப்படியே திகைத்துவிட்டது. ரேடியோ பதில் சொல்கிறது! காகிதத்தில் முன்பே எழுதியிருந்த வரிதான் அது. முதல் பந்திக்கும் வாசித்தாள். அப்போது அது ஒருவர் காதிலும் விழவில்லை. இப்போது பிசைந்த கை இலையில் நின்றது. பாயச வாளி நடு வழியில் நின்றது. குழந்தைக்கு எப்போது தண்ணீர் தர வேண்டும், காற்றில்லாத அறையில் ஏன் போடக் கூடாது என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டு, நின்று, சொன்னாள். ஓரத்தில் பார்த்தேன். அழகர்சாமியின் விரல் நுனியில் சுண்ணாம்பு. அதை வெற்றிலையில் தடவ மறந்து நின்றார்.

மாலையில் பஸ் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சம்பந்தி, ஒரு கொறை."

"சொல்லுங்கள்."

"ரெண்டாவதா ஒரு பொண்ணு பேசுச்சே ரேடியோவுல... அதைச் சட்டுன்னு முடிச்சுப்புட்டாங்க. போதலை."

பாயசம் போதவில்லை என்று சொல்லியிருந்தால் துடித்துப் போயிருப்பேன். இதைக் கேட்டதும் அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஓடிப் போய்ச் சௌந்தரத்திடம் சொன்னேன். அவள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். பந்தியில் அழாதவள், அப்போது அழுதாள்.

திருச்சிக்குப் போனாள். பரீட்சை கொடுத்தாள். தேறினாள். போன வாரம் மறுபடியும் திருச்சிக்குப் போய் மாதர் நிகழ்ச்சியில் பேசினாள். வக்கீல் வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்து ரேடியோவை முடுக்கிவிட்டார்கள். தெருவே கூடிவிட்டது. முன் வரிசையில் மாமியார். பேச்சு முடிந்ததும், "எங்க வீட்டுப் பொண்ணு!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். நிபந்தனை போட்ட அதே வாய்தான்.

எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த என் மகளையும் மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போக அன்றைக்குப் பார்த்து அழகர்சாமியும் வந்திருந்தார். என் பக்கத்தில் நின்று முழுவதும் கேட்டார். நான், "எப்படி?" என்றேன்.

"கொறை ஒண்ணும் பெருசா இல்ல. ஆனா சம்பந்தி, அன்னைக்குக் கல்யாணத்துல ரெண்டாவதா ஒரு பொண்ணு பேசுச்சு பாருங்க. அதுகிட்ட இது நிக்க முடியாது."

மறுநாள் சௌந்தரம் ரயிலிலிருந்து இறங்கி வந்தாள். பையைக் கீழே வைக்குமுன் கேட்ட முதல் கேள்வி: "கொட்டாம்பட்டிக்காரரு கேட்டாரா? என்ன சொன்னாரு?"

சர்க்கரை போடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

சற்று யோசித்தாள். "சரியாத்தாண்ணே சொல்லியிருக்காரு. ரேடியோ ரூமுல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு ஒருத்தர் கையக் கைய ஆட்டுனாரு. அவரையே பாத்துப் பேசிட்டேன். பந்தி ஞாபகம் வரலை. அடுத்த தடவை பாத்துக்கிறேன்" என்று சிரித்தாள்.

இவளை ரேடியோவில் சேர்த்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. சேர்க்காமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

இதை எழுதி முடித்து வீட்டில் வாசித்துக் காட்டினேன். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு "பிரமாதம்" என்றாள். மாப்பிள்ளை "பிரமாதம் மாமா" என்றார். வக்கீலும் பிரமாதம் என்றார்.

கொட்டாம்பட்டிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?