முப்பது விநாடி

என் மனைவி எழுதியவற்றைத் திறந்து படிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். கடிதங்களைச் சொல்லவில்லை, எங்களுக்குள் அந்த வழக்கம் இருந்ததில்லை. நிரல்களைச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் மதுரையில் ஒரே கல்லூரியில் கணினி அறிவியல் கற்பித்தவர்கள். மாணவர்கள் ஹால் டிக்கெட் எடுக்கும் இணையச் செயலியை அவள் தனியாக ஜாவாவில் எழுதினாள். ஓய்வு பெற்ற பின்னும் விளாங்குடி வீட்டிலிருந்தே அதைப் பராமரித்தாள். சென்ற கோடை விடுமுறையில் இறந்துபோனாள்.

பருவத் தேர்வு நெருங்கியபோது அந்தச் செயலி முடங்கியது. திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வெளியிலிருந்து புதியது வாங்கிவிடப்போவதாக முதல்வர் தொலைபேசியில் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் ‘பழையது’ என்ற சொல் இரண்டு முறை வந்தது.

சனிக்கிழமை காலை தேர்வுப் பிரிவுக்குப் போனேன். அங்கே எழுத்தராக இருக்கும் பெண்மணி மேலூரிலிருந்து தினமும் பேருந்தில் வருபவர். என் மனைவியோடு பல ஆண்டுகள் பழகியவர்.

“வாங்க சார். இங்க பாருங்க, சுத்திக்கிட்டே கெடக்கு. ஒரு டீயக் குடிச்சுட்டு வந்தாலும் தெறக்க மாட்டேங்குது.”

“எல்லாப் பக்கமுமா?”

“உள்ள நுழையிறப்பத்தான் மொதல்ல நிக்கிது. கூட்டம் சேந்துச்சுன்னா எல்லாமே நிக்கிது. புள்ளைக என்னைய வையுதுக. இம்புட்டு வருசத்துல ஒருநாளும் இப்பிடி ஆனதில்ல சார். மேடம் போனதும் இதுக்கும் மனசு விட்டுப்போச்சு போல.”

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மூல நிரலைத் திறந்து படித்திருந்தால் ஒரு மணி நேரத்தில் காரணம் தெரிந்திருக்கும். அதைத் தவிர்க்கவே டிரேசிங் என்னும் தடம்பிடிக்கும் வழியைத் தேர்ந்தேன். ஜாவாவில் அதற்கு ஒரு வசதி உண்டு. செயலியைத் தொடங்கும் கட்டளையில் ஏஜென்ட் என்னும் ஒரு கோப்பின் பெயரைச் சேர்த்தால் போதும். எழுதியவரின் ஒரு வரியையும் தொடாமல், மாணவரிடமிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கையும் எங்கெங்கே எவ்வளவு நேரம் செலவிட்டது என்பதை அது வெளியிலிருந்தே அளந்து, பட்டைகளாக வரைந்து காட்டும்.

சேர்த்தேன். சர்வரை மறுபடி தொடங்கினேன். எழுத்தரை ஒரு மாணவரின் எண்ணைக் கொடுத்து உள்ளே போகச் சொன்னேன்.

மொத்தப் பட்டை முப்பது விநாடிக்குச் சற்று மேல். அதன் கீழே தரவுத்தளத்துக்கான பட்டைகள் நகக்கீறல் அளவு. மற்றதெல்லாம் வெறுமை. எட்டு முறை முயன்றோம். எட்டிலும் அதே இடத்தில் அதே முப்பது விநாடி. சுமையால் வரும் தாமதம் இப்படித் துல்லியமாக இருக்காது. எதுவோ எதற்கோ காத்திருந்தது.

பலரும் எடுத்தாளும் ஆயத்த நிரல் நூலகங்களைத்தான் ஏஜென்ட் தானாக அடையாளம் காணும். ஒருவர் தம் கையால் எழுதிய பகுதிகளை நாம்தான் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். ஏஜென்ட்டின் அமைப்புக் கோப்பில் அவளுடைய நிரல் தொகுப்பின் பெயரைச் சேர்த்து மீண்டும் தொடங்கினேன். வெறுமை இருந்த இடத்தில் ஒரு பட்டை எழுந்தது. அதன் மேல் ஆங்கில எழுத்துகளில் ஒரு தமிழ்ப் பெயர்: வீட்டுக்குச் சொல்.

பெயர்களைத் தமிழில் வைப்பது அவள் பிடிவாதம். துறையில் அதற்காகக் கேலி செய்திருக்கிறோம், நானும்தான்.

ஒரு மாணவர் உள்ளே நுழைய முயலும்போதெல்லாம் செயலி எங்கள் வீட்டிலிருந்த அவளுடைய கணினிக்கு ஒரு செய்தி அனுப்பியது. பதில் வந்த பிறகே பக்கத்தைத் திறந்தது. பதில் வராவிட்டால் முப்பது விநாடி பொறுத்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிற்பகலில் அந்தக் கணினியை அணைத்து, மின்கம்பியையும் உருவி வைத்தவன் நான். அன்று முதல் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு முறை அது அவளைக் கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திருந்திருக்கிறது.

இதை எழுத்தரிடம் இயன்றவரை சுருக்கமாகச் சொன்னேன்.

“அடியாத்தி,” என்றார். “அதான் போன் வருமா! யாருக்காச்சும் உள்ள போக முடியலன்னா ரெண்டு நிமிசத்துல மேடம் கூப்பிட்டுருவாக. ‘இந்த நம்பர்க்காரி அஞ்சு தடவ முட்டி முட்டிப் பாக்குறா, வெளிய நிப்பா, கூப்ட்டு உக்கார வையி’ம்பாக. இங்கன எங்கயோ கேமரா வச்சிருக்காகன்னே நெனச்சேன்.”

நாற்பதாண்டு உடன் வாழ்ந்த எனக்கு அது தெரியாது. அந்தக் கணினி இருந்த அறையிலிருந்து அவள் தொலைபேசியில் பேசும் குரல் மட்டும் கேட்கும்.

“அப்ப வீட்ல போயி அந்த மெசின ஆன் பண்ணிட்டாப் போதும்ல சார்?”

போதும்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் கோடைக்கு முன் இருந்ததுபோல் ஓடும். எதையும் திறக்க வேண்டியதில்லை. ஆனால் ஆளில்லாத அறையில் எரியும் ஒரு விளக்கை நம்பித்தான் ஒரு கல்லூரியின் மாணவர்கள் உள்ளே நுழைய முடியும் என்றால், அந்த அமைப்பை எந்த மாணவர் கொண்டுவந்திருந்தாலும் அவள் திருப்பி அனுப்பியிருப்பாள். மேலும், அவளுக்கான செய்திகள் வந்துகொண்டிருக்கும். நான் அடுத்த அறையில் இருப்பேன்.

மூல நிரலைத் திறந்தேன். அழைக்கும் வரி ஒன்றுதான். நீக்கிவிட்டு மறுபடி தொகுத்து ஏற்றினேன். மொத்தப் பட்டை அரை விநாடிக்கும் கீழே இறங்கியது.

“தெறந்துருச்சு சார்!” என்றார் எழுத்தர். “அப்ப நம்ம புரோகிராமத் தூக்க மாட்டாங்கள்ல?”

“மாட்டார்கள்.”

அவர் அடுத்த எண்ணை அடிக்கப் போய், கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “சார், இனிமே யாராச்சும் வெளிய நின்னா எனக்கு யாரு சார் சொல்லுவா?”

“நீங்கள்தான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்,” என்றேன்.