சுண்ணாம்புப் பொட்டு வைத்த வரட்டி

பச்சைச் சாணியின் வாடைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதில் பூசணி, சுரை, பீர்க்கு விதைகளைப் பதித்து அம்மா பின்சுவரில் வரட்டியாகத் தட்டுவாள். பூச்சி அண்டாது. எரிக்கிற வரட்டியும் அதே சுவரில் காய்வதால், விதை வரட்டிக்கு மட்டும் சுண்ணாம்பில் ஒரு பொட்டு. பொட்டு வைத்ததை யாரும் அடுப்பில் போட மாட்டோம். மழை விழுந்ததும் அதைக் கல்லில் வைத்து, குழவியால் தட்டி உடைத்து, விதையைப் பொறுக்கி ஊன்றுவாள்.

நாங்கள் வெம்பக்கோட்டைப் பக்கம். அய்யாவுக்கு வெடிக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவார். கொல்லையை ஒட்டிப் பெரியப்பா வீடு. அவருடைய ஆடுகள் வருசா வருசம் முள்வேலியைத் தாண்டி வந்து எங்கள் செடிகளை முளையிலேயே கடித்துப் போட்டன. அதனால் அண்ணன் தம்பிக்குள் ஓயாத அடிதடி. பெரியப்பா அய்யாவின் பல்லை உடைத்தார். அய்யா அவர் காதைக் கடித்து வைத்தார்.

"ஆட்டக் கட்டுறீகளா, இல்லையா?"

"அதுக்கு வாயிருக்கு, திங்குது. பசிச்சா நீயும் வந்து மேயேம்லே."

"இனி வந்தா ஒரு குட்டி மிஞ்சாதுண்ணே."

அந்த வருசம் நல்ல மழை. அம்மா பொட்டு வரட்டி ஒன்றைப் பெயர்த்துக் கல்லில் வைத்தாள். நான் தண்ணீர்ச் செம்போடு தள்ளி நின்றேன். குழவி விழுந்தது.

காது அடைத்துவிட்டது. கையில் செம்பைக் காணோம். அம்மா உட்கார்ந்தபடியே இருந்தாள். வலது கையில் கட்டைவிரல் மட்டும் இருந்தது. சுவரெல்லாம் சாணி, ரத்தம், விதை.

பெரியப்பாதான் வண்டி பூட்டினார். வழியில் கம்பெனி வாசலில் அய்யாவையும் ஏற்றிக்கொண்டோம். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஒங்க ஆட்டு மேல எறிய வெங்காய வெடி கட்டுனேண்ணே. பொட்டு வச்சா அடுப்புக்குப் போகாதுன்னு வரட்டிக்குள்ள ஒளிச்சேன். தீயத்தான் நெனச்சேன். தட்டி ஒடைப்பான்னு தெரியாது. இவ வெதை போட்டு நான் பாத்ததே இல்ல."

பெரியப்பா சாட்டையால் மாட்டை அடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் அய்யாவைத்தான் அடித்தார். அய்யா தடுக்கவில்லை.

"எந்தக் கம்பெனியில?" என்று நர்சம்மா கேட்டார்.

"கம்பெனி இல்லம்மா. வீட்ல. வெதை போடையில" என்றாள் அம்மா. நர்சம்மா நம்பவில்லை.

அடுத்த மழையிலிருந்து வரட்டி உடைப்பது அய்யா வேலையாயிற்று. தட்ட மாட்டார். தண்ணீரில் ஊறப்போட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, விரலால் பிசைவார். அம்மா மொண்டிக்கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருப்பாள்.

"பயப்படாதீக. வெதைதான்."

இப்போது அந்தச் சுவரும் இல்லை, ஆடும் இல்லை, அவர்களும் இல்லை. சாத்தூர்க் கடையில் விதை பாக்கெட்டில் கிடைக்கிறது. மழை விழுந்தால் நானும் வாங்கி ஊன்றுகிறேன். பாக்கெட்டைக் கிழிக்கும்போது என் முகம் தானாக அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறது.