வழியில் நின்றுபோன சம்மதம்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த அந்த வருடக் கடைசி. டிசம்பர் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மலாக்கா தொலைபேசி நிலையத்தில் எனக்கு வேலை. காஜா பேராங்கிலிருந்து தினமும் சைக்கிளில் போய்வருவேன். இருபத்தொரு வயது. வெளியூர்களுக்கு டிரங்க் கால் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம். அதில் பொய்யும் இல்லை. எந்த ஊர்க் கம்பி எந்த ஊரோடு சேர்கிறது என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். எங்கள் தெருவில் குடியிருந்த, நாங்கள் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் துணிக்கடைக்காரர் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தார். கையில் தந்தி. பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூரில் தாய்மாமன் வீட்டுக்குப் போயிருந்த அவருடைய பத்து வயது மகளுக்குக் குடல்வால் வீங்கிவிட்டதாம். உடனே அறுவை செய்ய வேண்டும், அப்பாவின் சம்மதம் வேண்டும், மாமா மருத்துவமனைத் தொலைபேசி பக்கத்திலேயே காத்திருக்கிறார்.

இணைப்புப் பலகையில் பிளக்கைச் செருகினால் கோலாலம்பூர்க் கம்பி செத்துக் கிடந்தது. வழியில் எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கிறது. தந்தியும் அதே கம்பங்களில்தான் போகிறது, அதுவும் இல்லை.

"கவலப்படாதீங்க நானா, சுத்திப் போயிரலாம்" என்றேன். மூவாருக்குப் போட்டு, அங்கிருந்து சிகாமட், அங்கிருந்து கோலாலம்பூர். வழியென்னவோ கிடைத்தது. ஆனால் அவ்வளவு தூரம் சுற்றியதில் குரல் தேய்ந்து, சிகாமட்டுக்கே நான் பேசுவது கேட்கவில்லை. சரி, ஒருவர் சொல்லி அடுத்தவர் சொல்லட்டும் என்று முடிவு செய்தேன். "அப்பா சம்மதம், அறுவை செய்யலாம்" என்று மூவாரில் இருந்த மலாய்ப் பெண்ணிடம் சொன்னேன். எழுதிக்கொண்டாள். அவள் சிகாமட்டுக்குச் சொல்வாள், சிகாமட் நிலையம் கோலாலம்பூர் மருத்துவமனைக்குச் சொல்லும். எனக்கு ஒரே பெருமை.

"போய்ச் சேந்துருச்சு நானா, நீங்க வீட்டுக்குப் போங்க."

அவர் போகவில்லை. நனைந்த சாரோங் கைலியோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நானும் அடுத்தடுத்த கால்களில் மூழ்கிவிட்டேன். அரை மணி நேரம் கழித்து எழுந்து வந்து கேட்டார்.

"யாருகிட்ட போய்ச் சேந்துச்சு தங்கச்சி?"

"மூவார்ல எழுதிக்கிட்டாங்க நானா."

"எம்புள்ள மூவார்ல இல்லியேம்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வேலையை எனக்கே சொல்லித்தர வந்துவிட்டாரா? அவர் வாயை அடைக்கத்தான் மூவாரை மறுபடி கூப்பிட்டேன். "சூடா, சூடா" என்றாள் மலாயில், 'ஆயிற்று, ஆயிற்று' என்று; அப்போதே கொடுத்தாகிவிட்டதாம். சிகாமட்டைக் கேட்கச் சொன்னேன். அங்கே கோலாலம்பூர்க் கம்பி அந்த நேரம் காலியாக இல்லை. எழுதிய தாளைத் தேநீர்க் குவளைக்கு அடியில் வைத்த அந்த நிலையத்து ஊழியர் அடுத்த வேலையில் மறந்துபோயிருக்கிறார்.

யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பங்கை அவரவர் முடித்துவிட்டதாகவே நினைத்திருந்தோம். அரை மணி நேரமாக அந்தப் பிள்ளை வலியில் துடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு விடவில்லை. "கொடுத்துட்டேன் என்று என்னிடம் சொல்லாதே, மருத்துவமனையிலிருந்து மாமா சொல்லும் பதில் வேண்டும், ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் மறுபடி கூப்பிடுவேன்" என்றேன் மூவாரிடம். அவளும் சிகாமட்டை அப்படியே பிடித்துக்கொண்டாள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது மாமாவின் பதில் வந்தது.

"அறுவைக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் பூனைக்கு அப்பா மீன் வைத்தாரா என்று கேட்டுவிட்டுப் போனாள்."

அதை நான் தமிழில் சொன்னதும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இது அவதான்... இது எம்புள்ளதான்" என்று சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் அழுகை வந்தது. மீன் வைத்தாயிற்று என்று அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி அனுப்பினேன். அது மாமா காதில் விழுந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பிளக்கைப் பிடுங்கினேன். இரண்டு வாரத்தில் அந்தச் சிறுமி திரும்பி வந்து, தெருவில் பூனையைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள்.

ஓய்வு பெற்ற பிறகு புக்கிட் காதிலில் ஒரு கணினி வகுப்பில் சேர்ந்தேன். பாடம் நடத்திய பெண், ஒரு கணினி அனுப்பும் செய்தி வழி அடைத்திருந்தால் வேறு வழியில் சுற்றிப் போகும் என்றார். பலகையில், 'கிடைத்தது என்று கடைசிக் கணினி பதில் சொல்லும்வரை காத்திரு. வராவிட்டால் மறுபடி அனுப்பு' என்று எழுதினார். எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். நான் பேனாவையே எடுக்கவில்லை.

இன்றைக்கும் "சொல்லிட்டேன்" என்று சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம், "எம்புள்ள மூவார்ல இல்லியேம்மா" என்ற அந்தக் குரல் காதில் விழுகிறது, போய்ச் சேர்ந்ததா என்று மறுபடி ஒருமுறை விசாரிக்கப் போய்விடுகிறேன்.