சத்தம் வரும் திசை

மாரிச்செல்விக்கு மெல்லிய ஒலிகள் எல்லாம் உதிர்ந்துபோயிருந்தன. ஆள் பேசினால் குரல் கேட்கும், உரக்கச் சொன்னால்தான் சொல் பிடிபடும். குக்கர் விசில், பால்காரரின் மணி, கொசுவின் ரீங்காரம் எதுவும் அவளை எட்டாது. ஆனால் விஸ்வநத்தம் சாலையில் லாரி திரும்பினால் மற்றவர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதிர்ந்து வரும் கனத்த சத்தங்களைக் காதால் அல்ல, உள்ளங்காலால் கேட்டாள்.

பட்டாசு ஆலை விபத்துக்குப் பிறகுதான் இப்படி. அவளும் சுப்புத்தாயும் ஒரே கொட்டகையில் புஸ்வாணப் பூச்சட்டிக்குக் காகிதக் குழாய் சுற்றியவர்கள். சிறுவயது முதல் பழக்கம். ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்புவார்கள். அன்று காலை எங்கோ ஓர் அறை வெடித்தது. தரை முதலில் தூக்கிப்போட்டது, பிறகுதான் சத்தம். அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. நான்கு பக்கமும் வந்த மாதிரி இருந்தது. வெளியே வந்ததும் சுப்புத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“ஏட்டி மாரி, எந்தப் பக்கம்டி ஓட?”

மாரிச்செல்விக்கும் தெரியவில்லை. வாய் திறப்பதற்குள் ஓடிவந்த கூட்டம் இருவரையும் பிரித்துவிட்டது. சுப்புத்தாய் ஓடிய பக்கத்தில்தான் அடுத்த அறை வெடித்தது.

அதன்பின் மாரிச்செல்வி பட்டாசுப் பக்கம் போகவில்லை. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் கணவர் சிவபாண்டி அங்கேதான் லோடு வேன் ஓட்டுகிறார். இருவருக்கும் குழந்தை இல்லை. சாயங்காலமானால் டிவியில் பழைய பாட்டுப் போடுவார்கள். அவள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவாள், டிவி கரகரக்கும், பாட்டு வரி மட்டும் விளங்காது. “நல்ல ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கிப் போடுவோம்,” என்றார் சிவபாண்டி. தீபாவளி சீசன் முடிந்ததும் அவளை வேனில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் ரத்தினசாமி பொறுமையான இளைஞர். இரண்டு வகையை எடுத்து வைத்தார். ஒன்று, இடுப்பு உயரத்துக்கு நிற்கும் இரண்டு பெரிய பெட்டிகள். இன்னொன்று, உள்ளங்கையில் அடங்கும் இரண்டு சின்னப் பெட்டிகளும் அவற்றோடு கனமான கறுப்புச் சதுரப் பெட்டி ஒன்றும்.

“பெரிசுன்னா அம்புட்டும் அந்த ரெண்டுலயே வந்துரும் அண்ணாச்சி. ஆனா இடத்த அடைக்கும். சின்னதச் சுவத்துல மாட்டிக்கிடலாம். தபேலா, டிரம்மு மாதிரி அடிச்சத்தத்துக்கு இந்தக் கறுப்புப் பெட்டி, சப்வூஃபர். கட்டிலுக்கு அடியில தள்ளிவிட்ருங்க, பீரோவுக்குப் பின்னால வைங்க, எங்கன வச்சாலும் ஒண்ணுதான். சத்தம் எங்கருந்து வருதுன்னே தெரியாது. அதான் இதுல விசேஷம்.”

இருப்பதோ ஒற்றை அறையும் சமையற்கட்டும். சிவபாண்டிக்குச் சின்னதுதான் பிடித்தது. ரத்தினசாமி பாட்டைப் போட்டார். தரை அதிர்ந்ததும் மாரிச்செல்வி வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன புள்ள, பிடிச்சிருக்கா?”

அவள் தலையாட்டினாள். கணவர் ஆசையாகக் கேட்கும்போது வேறென்ன சொல்வது என்று இருந்துவிட்டாள்.

வீட்டில் கறுப்புப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. பாட்டு வரிகள் முன்பைவிடத் தெளிவாக விழுந்தன, அது உண்மை. ஆனால் ஒவ்வொரு தாளத்துக்கும் தரை அவள் பாதத்தைத் தட்டியது. அடுக்களையில் நின்றால் அடுக்களையிலிருந்து வந்தது. முற்றத்துக்குப் போனால் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. துவைத்துக்கொண்டிருப்பாள், “எந்தப் பக்கம்டி?” என்று காதோரம் கேட்கும். துணியைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பாள். பாட்டை நிறுத்திய பிறகும் அந்தக் கேள்வி நிற்க வெகுநேரமானது. சிவபாண்டியிடம் சொல்லவில்லை. அவர் தாளம் போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்.

ஒரு பிற்பகலில் அவள் தனியாக இருந்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தரை ஒருமுறை நன்றாகக் குலுங்கியது. பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள் மாவுக் கையோடு சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவள் மகள் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை செய்கிறாள்.

“மாரி, என்னமோ கேட்டுச்சே?” என்று உரக்கக் கேட்டாள்.

“எங்க வீட்டுப் பெட்டிதான் மதினி. கட்டிலுக்கு அடியில கெடந்து குதிக்கி.”

முத்துமாரியம்மாள் சிரித்துவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் தெருவில் ஆட்கள் ஓடினார்கள். மாரிச்செல்வி வெளியே வந்தபோது நாரணாபுரத்துக்கு மேலே வெள்ளைப் புகை எழுந்து நின்றது. முத்துமாரியம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். மாவு காய்ந்த கையோடு பஸ் நிறுத்தத்தை நோக்கி ஓடினாள்.

மகள் உயிரோடு திரும்பினாள். தலைமுடியெல்லாம் சாம்பல், ஒரு காலில் செருப்பில்லை. அவளோடு வேலை செய்த இருவர் திரும்பவில்லை. முத்துமாரியம்மாள் மாரிச்செல்வியைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு மாரிச்செல்வி சோறு உண்ணவில்லை. கட்டிலுக்கு அடியில் கையை விட்டு வயரைப் பிடுங்கினாள். பெட்டியை இழுத்து வாசலில் வைத்தாள்.

சிவபாண்டி வந்து பார்த்தார். “என்ன புள்ள இது?”

“நெச வெடி எது, பெட்டி எதுன்னு எனக்குத் தெரியலீங்க. இந்த ஊர்ல இருந்துக்கிட்டு அது தெரியாம எப்படி இருக்க?” என்றாள். பிறகு சுப்புத்தாயின் கேள்வியை முதன்முறையாக அவரிடம் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவர் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

மறுநாள் இருவரும் எல்லாப் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், பெரியதை மாற்றிக் கேட்டார்கள். “பெரிசு இடத்த அடைக்கும்னு சொன்னேனேக்கா,” என்றார் ரத்தினசாமி.

“கட்டில வித்துட்டுப் பாயில படுத்துக்கிடுதோம். எனக்குச் சத்தம் வார எடம் தெரியணும் தம்பி.”

அவள் கடை நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ரத்தினசாமி கறுப்புப் பெட்டியை ஒரு மூலையில் வைத்துத் தாளத்தை மட்டும் ஓடவிட்டார். அவள் வாசலைக் காட்டினாள். பெட்டியை மாற்றி வைத்தார். மறுபடி வாசலைக் காட்டினாள். அவர் கறுப்புப் பெட்டியை நிறுத்தினார். பெரிய பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பாடவிட்டார். இடது, வலது, மறுபடி இடது. ஒவ்வொரு முறையும் அவள் விரல் சரியாகப் போய் நின்றது. ரத்தினசாமி பெரிய பெட்டிகளையே மாற்றிக் கொடுத்தார்.

அவரே வீட்டுக்கு வந்து பெட்டிகளைச் சுவரோரம் நிறுத்தினார். எதிரே அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டார். ஒரு பெண் பாடத் தொடங்கினாள். மாரிச்செல்வி கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு எழுந்து போய், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே வெறும் சுவரில், அன்று சுப்புத்தாய் பிடித்திருந்த கையை வைத்தாள்.

“இங்கன ஏதும் வச்சிருக்கீகளா தம்பி?”

“இல்லக்கா. ரெண்டும் ஒண்ணுபோலப் பாடுனா குரல் நடுவுல நிக்குற மாதிரி இருக்கும். அங்க ஒண்ணும் கிடையாது.”

“ஆளு நிக்குறாப்லயே இருக்கு,” என்றாள் அவள்.

இப்போது தரை திசை தெரியாமல் அவளைத் தட்டுவதில்லை. மழைக்கால இடியையும் மற்றதையும் பிரித்துச் சொல்கிறாள். முத்துமாரியம்மாள்கூடச் சந்தேகம் வந்தால் அவளிடம்தான் கேட்கிறாள். சாயங்காலங்களில் நாற்காலியை எதிரே போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்கிறாள். சிவபாண்டி ஒருநாள் அந்த இடைவெளியில் ஸ்டூலைப் போட்டு மின்விசிறியை வைத்தார். அவள் அதை எடுத்து வேறிடத்தில் வைத்தாள். தினமும் அந்த இடத்தைப் பெருக்கித் துடைக்கிறாள். விருந்தாளிகள் வந்து அந்தச் சுவரில் சாய்ந்து உட்காரப் போனால், “கொஞ்சம் இந்தப் பக்கமா உக்காருங்க,” என்கிறாள்.